கைக்குட்டை கட்டிய மைக்

என் தையல் மிஷினுக்குப் பக்கத்தில், நூல்கண்டு டப்பாவை ஒட்டி ஒரு மைக் இருக்கிறது. அதன் தலையில் நீலக் கட்டம் போட்ட கைக்குட்டை ஒன்றைச் சுற்றி ரப்பர் பேண்டு போட்டிருக்கிறது. அளவு கொடுக்க வருகிற பெண்கள் அதைப் பார்த்துவிட்டு, "இன்னாக்கா, மைக்குக்கும் ஜாக்கெட் தெச்சுட்டியா?" என்று சிரிப்பார்கள். அது நான் தைத்ததல்ல. என் சித்தப்பா கட்டியது. "காத்து பாதி வார்த்தைய துன்னுட்டுப் போயிடுது, மீதிய வெச்சிகினு ஜனம் இன்னா பண்ணும்?" என்று சொல்லி, தன் சட்டைப் பையிலிருந்ததை எடுத்துக் கட்டினார். அவர் போன பிறகும் நான் அதைத் துவைக்கவில்லை. முகத்தருகே கொண்டுபோனால், அவர் எந்நேரமும் வாயில் ஒதுக்கிவைத்திருந்த புதினா மிட்டாய் வாசனை இன்னும் லேசாக வருகிறது. வருகிறதா, நான்தான் வருவதாக நினைத்துக்கொள்கிறேனா என்று தெரியாது.

எங்கள் குப்பம் எர்ணாவூரைத் தாண்டி, எண்ணூர் போகிற வழியில் ஆற்றை ஒட்டி இருக்கிறது. ஒரு பக்கம் கடல் இரைச்சல், இன்னொரு பக்கம் கன்டெய்னர் லாரிகளின் இரைச்சல். பக்கத்து வீட்டுக்காரியிடம் உப்பு கேட்பதென்றால்கூடக் கத்தித்தான் கேட்க வேண்டும். எங்களுக்கெல்லாம் தொண்டை பெரிதாக இருப்பதற்கு அதுதான் காரணம். வெளியூர்க்காரர்கள் நாங்கள் சண்டை போடுவதாக நினைத்துக்கொள்கிறார்கள். அதனால் ஊர்ச் சேதி எதுவானாலும் ஊர்க் கூடத்து மைக்கில் சொல்லியாக வேண்டும். புயல் எச்சரிக்கை, சாவு, காணாமல் போன குழந்தை, தண்ணீர் லாரி வந்தது, எல்லாம் அதில்தான். அம்மன் திருவிழாவுக்கு யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்பதும், கல்யாணத்தில் யார் என்ன மொய் வைத்தார்கள் என்பதும் பெயரோடு, தகப்பன் பெயரோடு அதில் ஒலிக்கும். மொய் வைத்தவரின் பெண்டாட்டி அந்த நேரம் பார்த்துப் பந்தியில் நிமிர்ந்து உட்காருவாள். மைக்கில் வராத மொய் எங்கள் ஊரில் வைக்காத மொய்தான். பின்னால் வைத்தேன் என்று சத்தியம் செய்தாலும் ஒருவரும் நம்பமாட்டார்கள்.

அந்த மைக்கைப் பிடித்தவர் சித்தப்பா. அதற்காக யாரும் அவருக்குச் சம்பளம் கொடுத்ததில்லை, அவர் கேட்டதும் இல்லை. வீட்டில் அவர் குரலை யாரும் கேட்டிருக்க முடியாது. சித்தி இருக்கிற வீட்டில் வேறு எவருக்கும் பேச இடம் கிடைக்காது. மைக்கைத் தொட்டுவிட்டால் ஆள் வேறு. இரண்டு தட்டுத் தட்டி, ஒரு முறை செருமிக்கொண்டு, செந்தமிழில் ஆரம்பிப்பார். "அன்பார்ந்த ஊர்ப் பொதுமக்களுக்கு ஓர் முக்கிய அறிவிப்பு. சிவப்பு நிறக் கால்சட்டை அணிந்த சிறுவன் ஒருவன் ஊர்க் கூடத்தில் அழுதவண்ணம் உள்ளான். பெற்றோர் உடனடியாக வந்து பெற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்." அந்தச் சிறுவன் அவருடைய சொந்தப் பேரனாகவே இருந்தாலும் இதே வாசகம்தான். மைக்கை அணைத்ததும், "ஏய் கயிதே, மூக்கத் தொடைடா" என்று நம் பாஷைக்கு இறங்கிவிடுவார். இதை வைத்து நாங்கள் அவரை எவ்வளவு கிண்டல் செய்திருக்கிறோம்! அவர் கோபப்பட்டதே இல்லை. "மைக்குன்னா ஒரு மரியாத கீதுல்ல" என்பார்.

அப்பா நான் பள்ளிக்கூடம் போகும்போதே இறந்துவிட்டார். சித்தப்பாவிடம் ஒரு ஃபைபர் படகு இருந்தது. இடுப்பில் அடிபட்ட பிறகு அவரால் கடலுக்குப் போக முடியவில்லை. இன்ஜினை விற்றார், வலையை விற்றார். படகை வாங்க ஆள் வரவில்லை. கரையில் கவிழ்த்துப் போட்டார். பையன்கள் அதன்மேல் உட்கார்ந்து சீட்டாடினார்கள், பெண்கள் அதில் துணி காயப்போட்டார்கள். ஆனால் படகின் பதிவு அப்படியே அவர் பேரில் இருந்தது. எங்கள் ஆட்களிடம் இது ஒரு பழக்கம். படகு உளுத்துக் கொட்டினாலும் மீன்வளத் துறை ஆபீசுக்குப் போய்ப் பதிவிலிருந்து அதன் நம்பரை அடிக்கச் சொல்லமாட்டார்கள். அடித்துவிட்டால் கடலே நம்மைக் கைகழுவிவிட்டதாக ஒரு நினைப்பு. "கெடக்கட்டும், அது பாட்டுக்குக் கெடக்கட்டும்" என்பார்கள். சித்தப்பாவும் அப்படித்தான் விட்டுவைத்தார்.

அம்மாவுக்குப் படகு கிடையாது, வலையும் கிடையாது. ஆற்றில் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிப்பாள். பறி என்கிற ஓலைக் கூடையைப் பல்லில் கடித்துக்கொண்டு, முகம் மட்டும் வெளியே தெரிய அவள் நகர்ந்து போவதைச் சின்ன வயதில் கரையிலிருந்து பார்த்துக்கொண்டிருப்பேன். இறால் விரலில் குத்தும், சிப்பி கிழிக்கும். அந்தக் கைதான் என்னைப் பன்னிரண்டாம் வகுப்பு வரை படிக்கவைத்தது. அவளைப் போல இன்னும் சில பெண்கள் எங்கள் ஊரில் உண்டு. "இன்னா தொழில்?" என்று யாராவது கேட்டால் அவர்களே, "சும்மா வூட்லதாம்பா கீறோம்" என்றுதான் சொல்வார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சலாக வரும்.

அப்புறம் ஒரு மழைக்காலத்தில், வெள்ளத்தோடு வெள்ளமாக ஆற்றில் எண்ணெய் வந்தது. எங்கிருந்து வந்தது என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். எனக்குத் தெரிந்ததெல்லாம் நான் கண்ணால் பார்த்ததுதான். வெள்ளம் வடிந்தபோது வாசற்படி, சுவர், தென்னை மரத்தின் அடி எல்லாம் கறுப்பாக இருந்தன. படகையோ கயிற்றையோ தொட முடியவில்லை, அவ்வளவு பிசுபிசுப்பு. கொக்கு ஒன்று சிறகு ஒட்டிக்கொண்டு பறக்க முடியாமல் எங்கள் தெருவில் நடந்து போனது. அம்மா ஒரு நாள் பிடிவாதமாக ஆற்றில் இறங்கிவிட்டு வந்தாள். இரண்டு கையும் முழங்கைவரை சிவந்து தடித்துப்போயின. மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தேன், தோலோடு வந்தது. அதற்குப் பிறகு பல மாதம் பறி சுவரிலேயே தொங்கியது. நான் அப்போது வண்ணாரப்பேட்டையில் ஒரு துணிக்கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். என் சம்பளம் வாடகைக்கும் அரிசிக்கும் சரியாகப் போய்விடும். அம்மாவின் மருந்துக்கு மிஞ்சாது.

அரசாங்கம் நிவாரணம் அறிவித்தது. பெயர்ப்பட்டியல் ஆபீசில் ஒட்டியிருக்கிறது என்று கேள்விப்பட்டு, நான் அரை நாள் லீவு போட்டுவிட்டுப் போனேன். பட்டியல் இருந்தது, இல்லையென்று சொல்லமாட்டேன். மாடிப்படிக்கு அடியில், பூட்டிய கண்ணாடிப் பெட்டிக்குள், கீழ்ப் பக்கங்கள் மேல் பக்கங்களுக்குப் பின்னால் மறைந்திருந்தன. வாட்ச்மேனிடம் கெஞ்சிப் பெட்டியைத் திறக்கவைத்து, ஒவ்வொரு தாளாகப் போனில் படம் பிடித்தேன். சாயங்காலம் சித்தப்பா வீட்டில் உட்கார்ந்து அதைப் படித்தேன். அவருக்குக் கண் சரியாகத் தெரியாது. டீ குடித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். படகுப் பதிவை வைத்துத்தான் பட்டியல் போட்டிருந்தார்கள். அவர் பெயர் வந்தது. நான் நிமிர்ந்து பார்த்தேன். சித்தி உள்ளேயிருந்து ஓடிவந்தாள்.

"ஆத்தா கண்ணத் தொறந்துட்டா! மேல ஷீட்டு மாத்திடலாம்யா. எத்தினி மழைக்கு நான் குண்டான வெச்சிகினு குந்திகினு இருப்பேன்?"

சித்தப்பா டீயை ஒரு வாய் உறிஞ்சினார். "அண்ணி பேரு?" என்றார் என்னைப் பார்த்து.

"இல்ல சித்தப்பா."

"ஒயுங்கா பாத்தியா?"

"பாத்துட்டேன். ஆத்துல எறங்குற பொம்பளைங்க ஒருத்தர் பேருமே இல்ல."

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "இத்த பெரிய எயுத்துல எயுதிக் குடு" என்றார். எழுதிக் கொடுத்தேன். எதற்கு என்று நான் கேட்கவில்லை, எனக்குத் தெரியும். சித்திக்குத்தான் தெரியவில்லை. அவள் அப்போதே ஷீட்டுக் கடைக்காரருக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலையில் மீன்வளத் துறை ஆய்வாளர் மேடம் வங்கிப் புத்தகங்களைச் சரிபார்க்க ஊர்க் கூடத்துக்கு வந்தார். சின்ன வயது. செருப்பெல்லாம் எண்ணெய்க் கறை. ஊர் ஊராக அலைந்து குரல் கம்மிப்போயிருந்தது. சித்தப்பா பட்டியலோடு மைக் முன்னால் போய் உட்கார்ந்ததைப் பார்த்ததும், "ஐயா, லிஸ்ட்ட ஆபீஸ் போர்டுலயே ஒட்டியாச்சு, இங்க படிக்கணும்னு அவசியமில்ல" என்றார். ஊர்த் தலைவரும், "வாணாம்பா, பேஜாராப் பூடும். அவனுக்கு வந்துச்சு இவனுக்கு வர்லன்னு அடிச்சிக்குவானுங்க" என்றார். சித்தப்பா நிதானமாகக் கைக்குட்டையைச் சரிசெய்தார்.

"மேடம், கல்யாணத்துல மொய்ய எயுதிட்டு பொட்டியில பூட்டி வெச்சா நீங்க ஒத்துப்பீங்களா? இது கவுருமென்ட்டு வெக்கிற மொய்யி. மைக்ல சொன்னாத்தான் கணக்கு. சண்டை வந்தா வரட்டும், அத்தயும் மைக்லயே போட்டுக்கலாம்."

மேடத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தடுக்கவில்லை.

இரண்டு தட்டு, ஒரு செருமல். மொய் படிக்கிற அதே ராகத்தில், இன்னார் மகன் இன்னார், படகு ஒன்று, நிவாரணத் தொகை இவ்வளவு என்று படிக்க ஆரம்பித்தார். குழாயடியில் பெண்கள் குடத்தை வைத்துவிட்டு நின்றார்கள். வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்தினார்கள். பெயர் வந்தவர்களை மற்றவர்கள் தோளில் தட்டினார்கள், அங்கங்கே சிரிப்பும் முணுமுணுப்புமாக இருந்தது. அவருடைய பெயர் வந்தது. தன் தகப்பன் பெயரைச் சொன்னார், தன் பெயரைச் சொன்னார், "படகு ஒன்று" என்றார், நிறுத்தினார். ஒலிபெருக்கியில் காற்று அடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு வந்தது செந்தமிழ் இல்லை. மைக்கில் அவர் நம் பாஷை பேசி நான் கேட்டது அந்த ஒரு தரம்தான்.

"இது நான்தாம்பா. என் படகு எங்க கீதுன்னு உங்களுக்கே தெரியும். அதும்மேல குந்திகினு நம்ம பசங்க சீட்டாடிகினு கீறானுங்க. அதுக்கு எண்ணெ பட்டா இன்னா, படாட்டி இன்னா? இந்தத் துட்டு எனக்கு வாணாம். மேடம், என் பேர அடிச்சிடுங்க."

"யோவ்! ஆஃப் பண்ணுய்யா அத்த!" என்று சித்தி கத்தியது மைக்கில் விழுந்து ஊர் முழுக்கக் கேட்டது. யாரோ சிரித்தார்கள். உடனே அடங்கிவிட்டது.

மேடம் எழுந்து வந்து மெதுவாகச் சொன்னார்: "அடிச்சிடறேன் ஐயா. ஆனா அந்த இடத்துல வேற ஆள எழுத எனக்கு அதிகாரம் இல்ல. படகு இல்லாம தொழில் செய்யறவங்க இருக்காங்கன்னா தனியா மனு கொடுங்க. யார் யாருன்னு எனக்குத் தெரியணும்." சித்தப்பா தலையாட்டிவிட்டு மறுபடி மைக்கை இழுத்தார். செந்தமிழ் திரும்பிவிட்டது. "ஆற்றில் இறங்கிக் கையால் இறால் பிடிக்கும் தொழிலாளர்கள் அனைவரும் உடனடியாக ஊர்க் கூடத்துக்கு வருமாறு அன்புடன் அழைக்கப்படுகிறார்கள்."

முதலில் யாரும் வரவில்லை. தொழிலாளர்கள் என்றால் தங்களைத்தான் சொல்கிறார் என்று அவர்களுக்குப் புரியவில்லை. அம்மா என் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தாள், "யாரக் கூப்பிடறாரு?" என்று என்னையே கேட்டாள். நான் அவள் முதுகில் கையை வைத்துத் தள்ளிவிட்டேன். அவளைப் பார்த்து இன்னொருத்தி, அவளைப் பார்த்து மற்றவர்கள். தடித்த கைகளை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு வந்து நின்றார்கள். சித்தப்பா ஒவ்வொருவர் பெயராக மைக்கில் சொன்னார். ஆபீஸ் பட்டியலில் பெண் என்றால் இன்னார் மனைவி என்றுதான் இருக்கும். அவர் அப்படிச் சொல்லவில்லை. பெயரைச் சொன்னார், கூடவே "இறால் பிடிக்கும் தொழிலாளி" என்றார். அவ்வளவுதான். அப்பா செத்த அன்றுகூட மைக்கில் அம்மாவின் பெயர் வரவில்லை. அன்றைக்குத்தான் முதல் தடவையாக அவள் பெயர் ஆற்றைத் தாண்டி அக்கரைக்குப் போய் மோதித் திரும்பி வந்தது. அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்கு அழுகை வந்துவிட்டது, வெட்கமே இல்லாமல் நின்று அழுதேன்.

இதையெல்லாம் கேட்டு ஊரே திருந்திவிட்டது என்று நினைக்க வேண்டாம். கரையில் படகைப் போட்டுவைத்திருந்த வேறு சிலரும் பட்டியலில் இருந்தார்கள். ஒரே ஒருவர் மட்டும் மறுநாள் வந்து தன் பெயரையும் அடிக்கச் சொன்னார். மற்றவர்கள் சித்தப்பாவைப் பார்த்தால் எச்சில் துப்பிவிட்டுப் போனார்கள். "இவுரு பெரிய அரிச்சந்திரன்" என்று சத்தமாகவே பேசினார்கள். யாரோ ஒருநாள் ஒலிபெருக்கிக் குழாய்க்குள் சேற்றை அப்பிவைத்தார்கள். ஏணி போட்டு ஏறி அவரே வழித்தெடுத்தார். சித்தி அவரோடு பேச்சை நிறுத்திவிட்டாள். சொல்ல வேண்டியதையெல்லாம் தெருநாயைப் பார்த்துச் சொன்னாள். "மழ வருது, ஷீட்டு மாத்த துட்டு இல்ல, நாயே, நீ எங்கனா போய் ஒதுங்கு." சித்தப்பா நாய்க்குப் பதிலாக எழுந்துபோய்க் குண்டானை எடுத்துவைப்பார். அந்த வீடு அந்த வருஷம் மட்டுமில்லை, அதற்குப் பிறகும் ஒழுகியது. அவர் செய்தது சரிதானா என்று நான் பல தடவை யோசித்திருக்கிறேன். சரிதான். ஆனால் அதன் ஈரம் முழுக்கச் சித்தியின் தலையில்தான் சொட்டியது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

அம்மாவுக்கும் மற்ற பெண்களுக்கும் ரொம்ப நாள் கழித்துப் பணம் வந்தது. படகுக்காரர்களுக்கு வந்ததைவிடக் குறைவு. பாங்கிலிருந்து வந்த குறுஞ்செய்தியை நான் படித்துக் காட்டினேன். "மைக்ல சொல்லிட்டாங்களா?" என்று கேட்டாள். சித்தப்பா போய்ச் சொன்ன பிறகுதான் அவள் பணம் எடுக்கக் கிளம்பினாள்.

சித்தப்பா போன வருஷம் இறந்தார். ஊரில் எல்லார் சாவையும் சொன்னவருக்கு அவருடைய சாவைச் சொல்ல ஆள் இல்லை. தலைவர் மைக்கைப் பிடித்து, காதைப் பிளக்கிற மாதிரி கிறீச்சிடவிட்டு, இடையில் இருமி, தகப்பன் பெயரைத் தப்பாகச் சொல்லிவிட்டார். சித்தப்பா எழுந்துவந்து பிடுங்கியிருப்பார் என்று எனக்குத் தோன்றியது, துக்கத்திலும் சிரிப்பு வந்தது. அதற்கு முன்பே நான் துணிக்கடை வேலையை விட்டுவிட்டு ஊரிலேயே மிஷின் போட்டிருந்தேன். காரியம் முடிந்ததும் தலைவர் மைக்கைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்து, "படிச்ச பொண்ணு, நீயே வெச்சிக்க" என்று போய்விட்டார்.

இந்த வருஷ மழையிலும் நிவாரணம் அறிவித்தார்கள். இப்போது மாடிப்படி, கண்ணாடிப் பெட்டி எல்லாம் இல்லை. பட்டியல் போனிலேயே வந்துவிடுகிறது. ஊர் வாட்சப் குரூப்பில் யாரோ போட்டார்கள். அதன் கீழே ஒருவர் பிறந்தநாள் கேக் படம் போட்டார், இன்னொருவர் கும்பிடுகிற கை போட்டார், பட்டியல் மேலே போய்விட்டது. யாரும் எதையும் மறைக்கவில்லை. திறந்துதான் கிடக்கிறது. யார் பார்த்தார்கள், யார் யாரைக் கேட்டார்கள் என்றால் ஒருவரும் இல்லை. நான் மிஷினை நிறுத்திவிட்டு முழுதும் படித்தேன். கையால் இறால் பிடிப்பவர்கள் என்று தனியாக ஒரு தலைப்பு இருந்தது. அதில் அம்மாவின் பெயர் இருந்தது. படகு உரிமையாளர்கள் பக்கத்துக்குப் போனேன். அங்கே சித்தப்பாவின் பெயர் இருந்தது.

பழைய பதிவிலிருந்து எடுத்திருக்கிறார்கள். அந்த மேடம் அந்த ஒரு பட்டியலில் அடித்திருக்கிறார்; பதிவேட்டில் அப்படியே நின்றுவிட்டது. மாற்றலாகி அவர் எங்கே போனாரோ. பாங்க் கணக்கு சித்தியின் பெயரோடு சேர்ந்தது, பணம் நேராக அவளுக்குத்தான் போகும். செத்தவருக்கு வந்தது என்று ஒருவருக்கும் தெரியப்போவதில்லை. அம்மாவிடம் சொன்னேன். "உன் சித்திக்கு வந்தா வரட்டுமேடி. எத்தினி வருசமா நனஞ்சிகினு கீறா. வாய மூடிகினு இரு" என்றாள். அம்மா சொன்னதில் தப்பில்லை. எனக்கும் மனசு அப்படித்தான் இழுத்தது. இரவெல்லாம் அந்த வீட்டுக் குண்டானில் தண்ணீர் சொட்டுகிற சத்தம் காதில் கேட்டபடி இருந்தது.

காலையில் மைக்கை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போனேன். ஆம்ப்ளிஃபயரில் சொருகினேன். அன்பார்ந்த ஊர்ப் பொதுமக்களே என்று தொடங்க எனக்கு வாய் வரவில்லை; நம் பாஷையிலேயே ஆரம்பித்து, பெயர்களை மட்டும் மொய் ராகத்தில் படித்தேன். குழாயடியில் பெண்கள் நின்றார்கள். சித்தியும் குடத்தோடு நின்றாள். படகுக்காரர்கள் பக்கம் வந்தது. சித்தப்பாவின் தகப்பன் பெயரைப் படித்தேன். தாளைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அடுத்த பெயருக்குத் தாண்டிவிடலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். நினைத்தேன் என்று ஒப்புக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை.

சித்தி குடத்தை இடுப்பிலிருந்து இறக்கி வைத்தாள். நான் ஏன் நின்றேன் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

"இன்னாடி நிறுத்திட்ட? அந்தாளு பேரா?"

நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

"படி. செத்துட்டாரு, அடிச்சிடுங்கன்னு சேத்துப் படி." பிறகு, எல்லாரும் பார்க்க, புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு அதட்டினாள்: "சத்தமாப் படிடி. அந்தாளு படிச்சா அக்கரைக்குக் கேக்கும், நீ படிக்கிறது எனக்கே கேக்கல."

கைக்குட்டையைச் சரிசெய்தேன். இரண்டு தட்டுத் தட்டி, ஒரு முறை செருமிக்கொண்டு, தகப்பன் பெயரிலிருந்து மறுபடியும் படித்தேன்.